லாரி ஷாஃப்ட்டில் கிராஸும் சென்டர் பேரிங்கும் மாற்றுவது: முழுமையான வழிகாட்டி

லோடு ஏற்றிய வண்டியை முதல் கியரில் நகர்த்தும்போது அடியில் ‘டக்’ என்று ஒரு சத்தம். ரிவர்ஸ் போட்டாலும் அதே சத்தம். வண்டிதான் போகிறதே என்று பலரும் இதைக் கேட்டுக்கொண்டே மாதக்கணக்கில் ஓட்டுகிறார்கள். அது பெரும்பாலும், கியர் பாக்ஸின் சுழற்சியைப் பின் ஆக்சிலுக்குக் கொண்டுபோகும் ஷாஃப்ட்டில், கோணத்தில் திரும்ப விடும் இணைப்பான கிராஸ் தேய்ந்த சத்தம். கவனிக்காமல் விட்டால் ஒரு நாள் கிராஸ் உடையும். முன்பக்கக் கிராஸ் ஓட்டத்தில் உடைந்தால் ஷாஃப்ட்டின் முனை தரையில் இறங்கிச் சாலையில் குத்தும், அல்லது சுழன்றுகொண்டே சேஸிஸ் ஓரமாகப் போகும் பிரேக் காற்றுக் குழாய்களை அறுக்கும். மலை இறக்கத்தில் அப்படி நடந்தால் என்ன ஆகும் என்று லாரி ஓட்டுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நம் ஊரில் அதிகம் ஓடும் லேலண்ட், டாட்டா, ஐஷர் வகை லாரிகளில் இருக்கும் இரண்டு துண்டு ஷாஃப்ட்டை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். கியர் பாக்ஸிலிருந்து சென்டர் பேரிங் வரை ஒரு துண்டு, அங்கிருந்து பின் ஆக்சிலின் நடுவில் கிரவுன் பல்சக்கரம் இருக்கும் கிரவுன் ஹவுசிங் வரை இன்னொரு துண்டு. சேஸிஸ் நீளமான வண்டிகளில் மூன்று துண்டும் இரண்டு சென்டர் பேரிங்கும் இருக்கும். வேலை முறை ஒன்றுதான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிராஸ் மாற்றுவது கடினமான வேலை இல்லை. ஆனால் பழையது ஏன் தேய்ந்தது என்று பார்க்காமல் புதியதைப் போட்டால் அதுவும் சீக்கிரம் போகும். கிராஸ் தாங்கவில்லை என்று கடைக்காரரைத் திட்டுகிறவர்களின் வண்டியில் பெரும்பாலும் கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது.

முதலில் ஷாஃப்ட்டைப் புரிந்துகொள்ளுங்கள்

நீளமான குழாய் வேகமாகச் சுழன்றால் ஒரு கட்டத்தில் நடுவில் வளைந்து அடிக்கத் தொடங்கும். அது எந்த வேகத்தில் தொடங்கும் என்பது நீளத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. நீளம் இரண்டு மடங்கானால் அந்த வேக எல்லை நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். அதனால்தான் லாரி ஷாஃப்ட்டை இரண்டாகப் பிரித்து நடுவில் பேரிங் கொடுத்துத் தாங்குகிறார்கள். அந்த பேரிங் ஒரு ரப்பருக்குள் உட்கார்ந்திருக்கும். ரப்பரைச் சுற்றி இரும்பு பிராக்கெட், அது சேஸிஸின் குறுக்குச் சட்டத்தில் போல்ட் போட்டு நிற்கும்.

கிராஸ் என்பது நான்கு கை உள்ள ஓர் இரும்புத் துண்டு. ஒவ்வொரு கை மேலும் ஒரு கப், கப்புக்குள் ஊசி ரோலர்கள், வாயில் ஒரு ரப்பர் சீல். இது கோணத்தில் வேலை செய்யும்போது ஒரு விஷயம் நடக்கிறது. உள்ளே வரும் சுழற்சி சீராக இருந்தாலும், வெளியே போகும் சுழற்சி ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வேகமாகி இரண்டு முறை மெதுவாகும். 3 டிகிரி கோணத்தில் இந்த ஏற்ற இறக்கம் அரைக்கால் சதவீதத்தை ஒட்டியே இருக்கும். 10 டிகிரியில் ஒன்றரை சதவீதம் மேலும் கீழும் போகும். இதைச் சரிக்கட்ட அடுத்த கிராஸ் அதே கோணத்தில், சரியான நிலையில் நிற்க வேண்டும். முதல் கிராஸ் உண்டாக்கும் ஏற்ற இறக்கத்தை இரண்டாவது கிராஸ் நேர்மாறாகச் செய்து அழித்துவிடும். ஷாஃப்ட்டைக் கழற்றும் முன் அடையாளம் போடச் சொல்வது இதற்காகத்தான். ஷாஃப்ட் நீளவும் சுருங்கவும் விடும் பல்வெட்டு இணைப்பான ஸ்ப்லைனில் ஒரு பல் தள்ளிப் போட்டாலும் இந்தக் கணக்கு கெட்டுவிடும்.

60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் பெரிய லாரியில், கிரவுன் விகிதம் 6க்கு 1 (சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற ஷாஃப்ட் ஆறு சுற்று) என்று வைத்துக்கொண்டால், ஷாஃப்ட் நிமிடத்துக்குச் சுமார் 1,800 சுற்று சுற்றும். அந்த வேகத்தில் சின்னக் கோளாறுகூடச் சின்னதாக இருக்காது. லோடோடு நகரும்போது பிரச்சினை வேறு மாதிரி. என்ஜின் தரும் முறுக்கு 800 நியூட்டன் மீட்டர், முதல் கியர் 8க்கு 1 என்றால் ஷாஃப்ட்டுக்கு வருவது 6,400 நியூட்டன் மீட்டர். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் லோடு ஏற்றிப் போகும் வண்டியில் கிராஸ் சீக்கிரம் தேய்வதற்கு இதுவே காரணம்.

எது தேய்ந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பது

ஸ்பானரை எடுக்கும் முன் சத்தத்தையும் அதிர்வையும் கேளுங்கள்.

மெதுவாகப் போகும்போது கீச் கீச் என்று சக்கரத்தோடு சேர்ந்து வேகம் கூடும் சத்தம் வந்தால், கிராஸில் கிரீஸ் வற்றிவிட்டது. கியர் மாற்றும்போதும் ஆக்சிலேட்டரை விட்டுப் பிடிக்கும்போதும் ‘டக்’ வந்தால் கிராஸ் அல்லது ஸ்ப்லைன் தேய்ந்திருக்கிறது. லோடோடு கிளம்பும்போது மட்டும் வண்டி உதறி, வேகம் எடுத்ததும் நின்றுவிட்டால் சென்டர் பேரிங்கின் ரப்பரைச் சந்தேகப்படுங்கள். தொடர்ந்து ‘ஹூம்’ என்று இரைந்தால் சென்டர் பேரிங்கின் குண்டுகள் போயிருக்கலாம். ஆனால் கிரவுனைச் சுற்றவைக்கும் சிறிய பல்சக்கரமான பினியனின் பேரிங்கும் இதே போல இரையும், ஆகவே அதையும் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் வரும் அதிர்வு பேலன்ஸ் கெட்டதையோ குழாய் வளைந்ததையோ காட்டும்.

அடுத்தது கையால் சோதிப்பது. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, டயர்களுக்குக் கட்டை போட்டு, என்ஜினை அணைத்துவிட்டு அடியில் போங்கள். ஒவ்வொரு கிராஸின் இரண்டு பக்கத்தையும் இரண்டு கையால் பிடித்து எதிர்எதிராகத் திருப்புங்கள், பிறகு மேலும் கீழும் தூக்கிப் பாருங்கள். நல்ல கிராஸில் கைக்கு எந்த ஆட்டமும் தெரியாது. கப்பின் வாயைச் சுற்றிச் சிவப்பாகத் துருப்பொடி இருந்தால், ஆட்டம் இல்லாவிட்டாலும் அந்தக் கிராஸ் முடிந்துவிட்டது. உள்ளே கிரீஸ் இல்லாமல் இரும்பும் இரும்பும் உரசிய பொடி அது.

சென்டர் பேரிங்குக்கு அருகில் ஷாஃப்ட்டைக் கடப்பாரையால் லேசாகத் தூக்குங்கள். ரப்பர் கொஞ்சம் அசைவது இயல்பு. ரப்பர் கிழிந்திருந்தாலோ, பிராக்கெட்டை விட்டுப் பிரிந்திருந்தாலோ, எண்ணெய் பட்டு ஊறிப் பிசுபிசுத்திருந்தாலோ மாற்ற வேண்டியதுதான். கடைசியாக, ஷாஃப்ட்டை போல்ட் போட்டு இணைக்கும் வட்டத் தகடுகளான பினியன் ஃபிளாஞ்சையும் கியர் பாக்ஸ் ஃபிளாஞ்சையும் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். அங்கே ஆட்டம் இருந்தால் அது பேரிங் வேலை. அதை முதலில் முடிக்காமல் கிராஸ் மாற்றுவது வீண் செலவு.

10 டயர் டிப்பர்களில் இரண்டு பின் ஆக்சிலுக்கும் நடுவே ஒரு குட்டை ஷாஃப்ட் இருக்கும். நீளம் குறைவு என்பதால் அதன் கோணம் அதிகம், கல் குவாரிப் பாதையில் ஆக்சில்கள் ஏறி இறங்கும்போது இன்னும் கூடும். டிப்பர் வைத்திருப்பவர்கள் அந்த இரண்டு கிராஸையும் மறக்காமல் பாருங்கள்.

தேவையானவை

கிராஸ் வாங்கும்போது வண்டி மாடலை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். ஒரே மாடலில் வருடத்துக்கு வருடம் ஷாஃப்ட் மாறியிருக்கும். கப்பின் வெளிவிட்டத்தையும், எதிரெதிர்க் கப்புகளின் முழு நீளத்தையும் வெர்னியரால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். சென்டர் பேரிங்குக்கு ஷாஃப்ட் உட்காரும் இடத்தின் விட்டமும், பிராக்கெட் போல்ட் துளைகளின் இடைவெளியும் தேவை. பழைய பொருளையே கடைக்குக் கொண்டுபோனால் இன்னும் நல்லது. நல்ல கம்பெனிக் கிராஸுக்கும் மலிவான கிராஸுக்கும் விலை வித்தியாசம் இருக்கத்தான் செய்யும். நடுவழியில் வண்டி நிற்கும் ஒரு நாள் வாடகையை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இங்கே மிச்சம் பிடிக்காதீர்கள்.

கிராஸோடு, கப் வெளியே வராமல் பிடிக்கும் வளையமான புதிய சர்க்ளிப், புதிய லாக் நட்டுகள், தேவைப்பட்டால் ஃபிளாஞ்ச் போல்ட்டுகள். போல்ட்டின் தலையில் 10.9 என்று இருந்தால் அதே 10.9 தான் வாங்க வேண்டும். சாதாரண 8.8 போல்ட் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், ஆனால் லோடில் நீண்டுவிடும்.

கருவிகளில் நல்ல சர்க்ளிப் பிளையர், பெரிய வைஸ் அல்லது பிரஸ், கப்பைவிடச் சிறிய சாக்கெட் ஒன்று, கப்பைவிடப் பெரிய சாக்கெட் ஒன்று, பித்தளைச் சுத்தி, புல்லர், டார்க் ரெஞ்ச், கிரீஸ் கன். அடையாளம் போட சென்டர் பஞ்ச்சும் பெயின்ட் பேனாவும். டீசல், கம்பிப் பிரஷ், சுத்தமான துணி. கிரீஸுக்கு லித்தியம் அடிப்படையிலான, அதிக அழுத்தம் தாங்கும் 2ஆம் நம்பர் கிரீஸ் பெரும்பாலான வண்டிகளுக்குப் பொருந்தும்.

வண்டியை நிறுத்துவது

ஷாஃப்ட்டைக் கழற்றிய பிறகு கியரில் போட்டிருந்தாலும் வண்டி நிற்காது. என்ஜினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பே அறுந்துவிடுகிறது. காற்று பிரேக் உள்ள பெரிய லாரிகளில் பார்க்கிங் பிரேக் பின் சக்கரத்தையே பிடிப்பதால் ஷாஃப்ட் இல்லாவிட்டாலும் பிடிக்கும். ஆனால் ஐசூசு என் சீரிஸ், மிட்சுபிஷி கேன்டர் போன்ற சிறிய லாரிகளில் பார்க்கிங் பிரேக் டிரம் கியர் பாக்ஸின் பின்னால், ஷாஃப்ட்டோடு இருக்கும். ஷாஃப்ட் கழன்றதும் அந்த வண்டிக்குப் பார்க்கிங் பிரேக்கே கிடையாது. எந்த வண்டியாக இருந்தாலும் சமதரை, லோடு இல்லாத வண்டி, முன் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் மரக்கட்டை. கல் வைத்து வேலை செய்வதை விட்டுவிடுங்கள்.

போல்ட்டுகளை எட்ட ஷாஃப்ட்டைத் திருப்ப வேண்டியிருக்கும். ஒரு பின் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, ஆக்சிலுக்கு அடியில் ஸ்டாண்ட் வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகக் கூடாது. முன்கட்டைகள் இறுக்கமாக இருக்கின்றன என்று ஒருமுறை பார்த்துவிட்டு, கியரை நியூட்ரலில் போட்டுப் பார்க்கிங் பிரேக்கை விட்டால் தூக்கிய சக்கரத்தோடு ஷாஃப்ட்டும் திரும்பும். திருப்பியதும் பிரேக்கை மறுபடி போடுங்கள். சாவியை எடுத்து உங்கள் பையில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அடியில் இருக்கும்போது வேறு யாரும் கேபினில் ஏறக் கூடாது.

ஷாஃப்ட்டைக் கழற்றுவது

1. மண்ணையும் பழைய கிரீஸையும் கம்பிப் பிரஷ்ஷால் துடைத்து எடுங்கள். அடையாளம் தெரிய வேண்டும், குப்பை புதிய பேரிங்குக்குள் போகக் கூடாது.

2. அடையாளம் போடுங்கள். கியர் பாக்ஸ் ஃபிளாஞ்சும் ஷாஃப்ட் ஃபிளாஞ்சும், சென்டர் பேரிங் பக்கத்து ஃபிளாஞ்சுகள், பினியன் ஃபிளாஞ்ச், ஸ்லிப் ஸ்ப்லைனின் ஆண் பெண் பகுதிகள், கிராஸைத் தாங்கும் இரண்டு காது உள்ள கவையான ஒவ்வொரு யோக்கும் அதன் எதிர் யோக்கும். சேரும் இடங்கள் அனைத்திலும் இரண்டு பக்கமும் பஞ்ச் குத்துங்கள். சாக்பீஸ் கோடு டீசலில் அழிந்துவிடும். முன் இணைப்புக்கு ஒரு புள்ளி, நடுவுக்கு இரண்டு, பின்னுக்கு மூன்று என்று குத்தினால் குழப்பமே வராது. போனில் நான்கைந்து படமும் எடுத்து வையுங்கள்.

3. சென்டர் பேரிங் பிராக்கெட்டுக்கும் குறுக்குச் சட்டத்துக்கும் நடுவே தகடுகள் இருக்கின்றனவா, எத்தனை என்று பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தகடுகள்தான் ஷாஃப்ட்டின் கோணத்தைத் தீர்மானிக்கின்றன. கழற்றும்போது கீழே விழுந்து காணாமல் போவதும் இவைதான்.

4. பின் துண்டை முதலில் கழற்றுங்கள். பெரிய வண்டியில் ஒரு துண்டே 40 கிலோவுக்கு மேல் இருக்கும். கடைசி போல்ட்டை எடுக்கும் முன் அடியில் ஜாக்கி அல்லது கயிறு தாங்கலாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் கழற்றிவிட்டு மறுபக்கக் கிராஸில் ஷாஃப்ட்டைத் தொங்கவிடாதீர்கள், கிராஸின் சீல் கிழியும்.

5. ஃபிளாஞ்ச் பிரியாவிட்டால் இரண்டுக்கும் நடுவே பித்தளைச் சுத்தியால் தட்டுங்கள். உளியை விட்டு அடித்தால் ஃபிளாஞ்சின் முகம் காயப்படும், பிறகு அது ஒருபோதும் நேராக உட்காராது.

6. பிறகு பிராக்கெட் போல்ட்டுகளையும் கியர் பாக்ஸ் பக்கத்தையும் கழற்றி முன் துண்டை இறக்குங்கள்.

குழாயில் பற்றவைத்திருக்கும் சின்னச் சின்னத் தகடுகள் பேலன்ஸ் எடைகள். மண் என்று நினைத்துத் தட்டி எடுத்துவிடாதீர்கள்.

பழைய கிராஸை எடுப்பது

நான்கு சர்க்ளிப்பையும் எடுங்கள். துருப்பிடித்து இறுகியிருந்தால் எண்ணெய் விட்டுக் கப்பின் தலையில் லேசாகத் தட்டுங்கள், சர்க்ளிப் மேலிருக்கும் அழுத்தம் குறைந்து வெளியே வரும். சில கனரக வண்டிகளில் சர்க்ளிப்புக்குப் பதிலாகக் கப்பின் மேல் தகடும் இரண்டு போல்ட்டும் இருக்கும். அதில் மடக்கிய லாக் தகட்டை நிமிர்த்திவிட்டுப் போல்ட்டைக் கழற்ற வேண்டும், திரும்பப் போடும்போது புதிய லாக் தகடு.

வைஸில் ஒரு பக்கக் கப்பின் மேல் சிறிய சாக்கெட்டை வையுங்கள். மறுபக்கம் பெரிய சாக்கெட். இறுக்கினால் சிறியது தள்ள, எதிர்ப்பக்கக் கப் பெரிய சாக்கெட்டுக்குள் வெளியே வரும். யோக்கைத் திருப்பி மறுபக்கமும் அப்படியே. குழாயை வைஸில் பிடித்து இறுக்கினால் அது நசுங்கிவிடும், யோக்கைத்தான் பிடிக்க வேண்டும்.

பல பட்டறைகளில் யோக்கின் காதைச் சம்மட்டியால் அடித்தே கிராஸை எடுக்கிறார்கள். வேகமாக முடியும், உண்மைதான். ஆனால் காது ஒரு நூல் அளவு உள்ளே வளைந்தாலும் எதிரெதிர்த் துளைகள் நேர் தப்பிவிடும். புதிய கிராஸ் இறுகித் திரும்பும், சூடாகும், சீக்கிரம் போகும். கேஸ் வைத்துக் காதைச் சுடவைப்பதும் கூடாது. அந்த இரும்புக்குக் கொடுத்திருக்கும் பதம் கெட்டுவிடும்.

பழையதைப் பாருங்கள், அது காரணம் சொல்லும்

கழற்றிய கிராஸைத் தூக்கிப் போடாதீர்கள். டீசலில் கழுவி வெயிலில் பாருங்கள்.

கைகளின் மேல் ஊசி ரோலர் பதிந்த கோடுகள் வரிசையாக இருந்தால் அதிக லோடு, அல்லது கிளட்சைச் சட்டென்று விட்டு எடுக்கும் பழக்கம். ஒரு கை மட்டும் நீலமாகக் கருத்துத் துருப்பிடித்திருந்தால் அந்தக் கைக்குக் கிரீஸ் போகவில்லை. நான்கும் வறண்டிருந்தால் கிரீஸ் அடிக்கவே இல்லை. கையின் நுனி அறுபட்டிருந்தால் யோக் வளைந்து கப் நேராக உட்காரவில்லை. உள்ளே மண்ணும் தண்ணீரும் இருந்தால் சீல் போயிருக்கிறது.

அடுத்து யோக்கின் துளைகளைச் சுத்தம் செய்து பாருங்கள். புதிய கப்பைக் கையால் தள்ளினாலே உள்ளே விழுகிறது என்றால் யோக் தேய்ந்துவிட்டது. துளைக்குள் பஞ்ச் குத்திச் சொரசொரப்பாக்கியும், மெல்லிய தகடு சுற்றியும் கப்பை நிற்கவைக்கும் வழக்கம் இருக்கிறது. லோடில் அது நிற்காது. யோக்கையே மாற்றுங்கள். இரண்டு துளைக்கும் குறுக்கே நேரான கம்பியைச் செலுத்திப் பார்த்தால் காது வளைந்திருப்பது தெரிந்துவிடும். சர்க்ளிப் உட்காரும் பள்ளத்தில் துரு இருந்தால் சுரண்டி எடுங்கள்.

குழாயில் நசுங்கல், வெல்டிங் விரிசல் இருக்கிறதா என்று பார்த்து, முடிந்தால் இரண்டு முனையிலும் தாங்கி மெதுவாகச் சுற்றி டயல் கேஜ் வைத்துப் பாருங்கள். நடுவில் அரை மில்லிமீட்டர் ஆட்டம் வந்தாலே நேராக்கவும் பேலன்ஸ் செய்யவும் கொடுத்துவிடுவதுதான் நல்லது என்பேன்.

புதிய கிராஸைப் போடுவது

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். கையும் மேஜையும் சுத்தமாக இருக்கட்டும்.

புதிய கிராஸில் வரும் எண்ணெய் பெரும்பாலும் துருப்பிடிக்காமல் இருக்கப் பூசியது, ஓட்டத்துக்குப் போதாது. கப்புகளைக் கழற்றி, ஊசி ரோலர்கள் எல்லாம் இடத்தில் நிற்கின்றனவா என்று பார்த்து, ரோலர்களுக்கு இடையே கிரீஸை விரலால் அழுத்தித் தடவுங்கள். அந்தக் கிரீஸ்தான் ரோலர்களைப் பிடித்து வைக்கும். கப்பின் அடியில் கிரீஸைக் குவிக்காதீர்கள், கப் உட்காராது. கிரீஸ் அடிக்கும் வாயான நிப்பிளையும் கைகளின் துளைகளையும் கிரீஸ் அடித்துப் பார்த்து, நான்கு முனையிலும் வருகிறதா என்று உறுதி செய்யுங்கள்.

நிப்பிள் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதையும் இப்போதே முடிவு செய்ய வேண்டும். கிராஸின் உடம்பில் நிப்பிள் இருந்தால் அது ஃபிளாஞ்ச் பக்கம் போகாமல் குழாய்ப் பக்கம் பார்க்கட்டும், அப்போதுதான் கிரீஸ் கன் எட்டும். ஷாஃப்ட்டின் எல்லா நிப்பிளும் ஒரே வரிசையில் வந்தால் இன்னும் வசதி. ஷாஃப்ட்டை ஒருமுறை திருப்பி நிறுத்தினால் எல்லாவற்றுக்கும் கிரீஸ் அடித்துவிடலாம். எட்டாத நிப்பிளுக்கு எந்தக் கிளீனரும் ஒழுங்காகக் கிரீஸ் அடிக்கப் போவதில்லை.

கிராஸை யோக்குக்குள் சாய்த்து நுழைத்து, ஒரு கப்பைத் துளையில் நேராக வைத்து வைஸால் பாதி தூரம் அழுத்துங்கள். கிராஸின் கையைத் தூக்கி அந்தக் கப்புக்குள் நுழையுங்கள். பிறகு மறுபக்கக் கப். இரண்டு கையும் இரண்டு கப்புக்குள்ளும் இருக்கும்படி பிடித்துக்கொண்டே, கிராஸை இங்குமங்கும் அசைத்துக்கொண்டே மெதுவாக அழுத்த வேண்டும். சட்டென்று இறுகினால் நிறுத்துங்கள். ஓர் ஊசி ரோலர் சரிந்து அடியில் குறுக்கே விழுந்திருக்கும். அப்போது சர்க்ளிப்பின் பள்ளம் தெரியாது. இன்னும் கொஞ்சம் அழுத்தினால் போய்விடும் என்று அழுத்தினால் கப் உடையும். வெளியே எடுத்து ரோலரை நிறுத்தி மறுபடி போடுங்கள்.

பள்ளம் தெரிந்ததும் சர்க்ளிப்பைப் போடுங்கள். பல வண்டிகளுக்குச் சர்க்ளிப் வெவ்வேறு கனத்தில் கிடைக்கும். எதிரெதிர்ப் பக்கங்களில் ஒரே கனம் போட்டால்தான் கிராஸ் யோக்கின் நடுவில் நிற்கும். ஒரு பக்கம் தடிமனாகவும் மறுபக்கம் மெல்லியதாகவும் போட்டால் ஷாஃப்ட்டின் மையமே தள்ளிப்போய் அதிர்வு வரும். பக்கவாட்டு ஆட்டம் கைக்குத் தெரியாத அளவு, 0.05 மில்லிமீட்டருக்குள் இருக்கும்படி தேர்ந்தெடுங்கள்.

எல்லாம் போட்டபின் யோக்கின் காதுகளில் பித்தளைச் சுத்தியால் லேசாக ஒன்றிரண்டு தட்டு. கப்புகள் வெளிப்பக்கம் நகர்ந்து சர்க்ளிப்பில் உட்காரும், இறுக்கம் விடும். கிராஸ் எல்லாத் திசையிலும் கையால் திரும்ப வேண்டும். லேசான பிடிப்பு இருக்கலாம், எங்கேயும் மாட்டக் கூடாது, ஆட்டமும் இருக்கக் கூடாது.

சென்டர் பேரிங்

முன் துண்டின் பின்முனையில் உள்ள பெரிய நட்டைக் கழற்றுங்கள். ஸ்பிலிட் பின் அல்லது மடக்கிய லாக் இருந்தால் அதை எடுத்த பிறகு. ஃபிளாஞ்ச் எந்த நிலையில் ஸ்ப்லைனில் இருந்தது என்பதற்கும் அடையாளம் போட்டிருக்க வேண்டும். ஃபிளாஞ்சைப் புல்லரால் இழுங்கள். அடித்தால் ஷாஃப்ட்டின் மரை கெடும்.

பேரிங்கையும் அப்படியே புல்லரால் எடுத்து, அது உட்கார்ந்த இடத்தைத் தடவிப் பாருங்கள். அங்கே வரிவரியாகத் தேய்ந்திருந்தால் பழைய பேரிங்கின் உள்வளையம் ஷாஃப்ட்டில் சுற்றியிருக்கிறது என்று அர்த்தம். புதியதும் சுற்றும். அந்த முனையை மாற்றாமல் வழியில்லை.

புதிய பேரிங்கை உள்வளையத்தில் மட்டும் அழுத்தி ஏற்றுங்கள். உள்வளையத்தின் அளவுக்குச் சரியான குழாய்த் துண்டு ஒன்று போதும். வெளிவளையத்தில் அடித்தால் குண்டுகள் பாதையில் பள்ளம் போடும், முதல் நாளே இரைச்சல் தொடங்கும். இறுக்கமாக இருந்தால் பேரிங்கை லேசாகச் சூடாக்கலாம், ஆனால் இரண்டு பக்கமும் சீல் உள்ள பேரிங்கை 80 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கக் கூடாது. தீயை நேரடியாகக் காட்டவே கூடாது. இரண்டு பக்கத் தூசி மூடிகளையும் பழையபடி போடுங்கள். மழையில் பேரிங்கைக் காப்பாற்றுவது அவைதான். ரப்பருக்கு முன் பின் திசை இருந்தால் எடுத்த படத்தைப் பார்த்துப் பொருத்துங்கள். நட்டு புதியதாக இருக்கட்டும், வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள்.

திரும்ப மாட்டுவது

ஸ்லிப் ஸ்ப்லைனைக் கழுவி, தேய்மானம் பார்த்து, புதிய கிரீஸ் தடவி, அடையாளங்களை நேராக வைத்துச் செருகுங்கள். பின் துண்டின் இரண்டு யோக்கும் ஒரே தளத்தில் நிற்கின்றனவா என்று முனையிலிருந்து கண்ணை வைத்துப் பாருங்கள். பெரும்பாலான லாரிகளில் அப்படித்தான் இருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் பழைய அடையாளமே இறுதி.

ஃபிளாஞ்சின் முகங்களைத் துடைத்துப் பளபளப்பாக்குங்கள். ஒரு மணல் துகள் நடுவில் மாட்டினாலும் ஷாஃப்ட் கோணலாக உட்காரும். முகத்தில் பல் வெட்டிய ஃபிளாஞ்சாக இருந்தால் பல் இடுக்குகளையும் பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள். போல்ட்டுகளைக் கையால் போட்டு, எதிரெதிராக, இரண்டு மூன்று சுற்றில் இறுக்க வேண்டும். சர்வீஸ் புத்தகத்தின் அளவே சரி. ஒரு தோராயத்துக்குச் சொன்னால், 10.9 தர எம் 12 போல்ட்டுக்குச் சுமார் 115 நியூட்டன் மீட்டர், எம் 14க்குச் சுமார் 185. இறுக்கியதும் ஒவ்வொன்றிலும் பெயின்ட் கோடு இழுத்துவிட்டால் பின்னால் தளர்ந்ததா என்று பார்வையிலேயே தெரியும்.

சென்டர் பேரிங் பிராக்கெட்டைத் தகடுகளோடு போட்டு, போல்ட்டுகளை முதலில் லூசாகவே விடுங்கள். ஸ்டாண்டையும் ஜாக்கியையும் எடுத்து வண்டியை இறக்கி, மற்ற எல்லாம் இறுக்கிய பிறகு, அடியில் யாரும் இல்லாதபோது வண்டியைச் சில அடி முன்னும் பின்னும் நகர்த்துங்கள். பேரிங் தன் இடத்தைத் தானே தேடி உட்காரும். மறுபடி கட்டை போட்டுவிட்டு, பிராக்கெட் ஷாஃப்ட்டுக்குச் செங்குத்தாக நிற்கிறதா, ரப்பர் ஒரு பக்கம் இழுபடாமல் இருக்கிறதா என்று பார்த்து இறுக்குங்கள். புதிய சென்டர் பேரிங் ரப்பர் சீக்கிரம் கிழிவதற்கு இந்த ஒரு படியைத் தாண்டிப் போவது பெரிய காரணம். ஷாஃப்ட் விழாமல் தாங்கும் இரும்பு வளையத்தைக் கழற்றியிருந்தால் மறக்காமல் மாட்டுங்கள்.

கிரீஸ்

கிரீஸ் அடிப்பது என்றால் நிப்பிளில் நான்கு பம்ப் அடிப்பது இல்லை. நான்கு கப்பின் சீல் வழியாகவும் புதிய கிரீஸ் வெளியே வர வேண்டும். மூன்றில் வந்து ஒன்றில் வராவிட்டால், அந்தக் கை வறண்டே ஓடும், அங்கிருந்துதான் கிராஸ் போகும். ஷாஃப்ட்டை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் அசைத்துக்கொண்டு அடித்தால் பெரும்பாலும் வழி திறக்கும். வராவிட்டால் கழற்றித்தான் பார்க்க வேண்டும். கையால் அடிக்கும் கிரீஸ் கன் போதும். காற்றில் வேகமாக அடித்தால் சீல் பிதுங்கிவிடும்.

ஸ்ப்லைனுக்கு, மூடியில் உள்ள சின்னத் துளை வழியாகக் கிரீஸ் வரும்வரை அடியுங்கள். பிறகு அந்தத் துளையை விரலால் அடைத்துக்கொண்டு, மறுமுனைச் சீலில் கிரீஸ் தெரியும்வரை அடியுங்கள். பழைய கிரீஸ் வேறு வகையாக இருந்தால் கலக்க விடாமல் முழுக்க வெளியே தள்ளிவிடுங்கள். சிலது ஒன்றோடொன்று சேர்ந்தால் இளகி ஓடிவிடும்.

ஓட்டிப் பார்த்து, இன்னும் அதிர்ந்தால்

முதலில் காலி வண்டியில் மெதுவாக, பிறகு வேகமாக. அதிர்வு இருந்தால் முதலில் அடையாளங்களைச் சரிபாருங்கள். அவை சரி என்றால் கோணத்தைப் பாருங்கள். ஸ்பிரிங் பட்டை சேர்த்து வண்டியை உயர்த்தியிருந்தால், பட்டையின் சென்டர் போல்ட் உடைந்து ஆக்சில் நகர்ந்திருந்தால், ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவே இருக்கும் ஆப்புத் தகடு காணாமல் போயிருந்தால், பினியனின் கோணம் மாறியிருக்கும். என்ஜின், கியர் பாக்ஸ் மவுன்டிங் ரப்பர் அமுங்கியிருந்தாலும் அப்படியே. கோணம் காட்டும் ஒரு சிறிய கருவியைக் கியர் பாக்ஸ் ஃபிளாஞ்சிலும் குழாய்களிலும் பினியன் ஃபிளாஞ்சிலும் வைத்து அளக்கலாம். ஒவ்வொரு கிராஸும் வேலை செய்யும் கோணம் 3 டிகிரிக்குள்ளும், ஒன்றையொன்று சரிக்கட்டும் இரண்டு கிராஸ்களின் கோண வித்தியாசம் 1 டிகிரிக்குள்ளும் இருந்தால் நல்லது. கோணமே இல்லாமல் முழு நேராக இருப்பதும் கெடுதல். ஊசி ரோலர்கள் உருளாமல் ஒரே இடத்தில் நின்று பள்ளம் போடும். அரை டிகிரியாவது வேண்டும்.

கோணமும் சரி, அடையாளமும் சரி, இன்னும் அதிர்கிறது என்றால் ஷாஃப்ட்டை முழுதாகப் பேலன்சிங் மெஷினில் போட வேண்டும். யோக்கோ குழாயோ மாற்றியிருந்தால் ஓட்டிப் பார்க்கும் முன்பே இதைச் செய்துவிடுங்கள்.

முதல் லோடு இறக்கியதும் எல்லா ஃபிளாஞ்ச் போல்ட்டுகளையும் பிராக்கெட் போல்ட்டுகளையும் டார்க் ரெஞ்சால் ஒருமுறை சரிபாருங்கள். கிராஸ் கப்புகளைக் கையால் தொட்டும் பாருங்கள். வண்டி நின்ற உடனே ஒரு கிராஸ் மட்டும் மற்றவற்றைவிடக் கொதித்தால் அது இறுகி ஓடுகிறது. அதைக் கழற்றிப் பார்க்காமல் அடுத்த லோடு ஏற்றாதீர்கள். பிறகு சர்வீஸ் புத்தகம் சொல்லும் இடைவெளியில் கிரீஸ். மணல், குவாரி, செங்கல் சூளை ஓட்டம் என்றால் அந்த இடைவெளியைப் பாதியாக்குங்கள். வண்டி வெள்ளத்தில் இறங்கி ஏறினால் இடைவெளிக் கணக்கெல்லாம் பார்க்காமல் அன்றைக்கே அடித்துவிடுங்கள். ஷாஃப்ட் மாட்டியிருக்கும்போது சேஸிஸில் வெல்டிங் வைப்பதாக இருந்தால், எர்த் கம்பியை வெல்டிங் செய்யும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டச் சொல்லுங்கள். மின்சாரம் ஷாஃப்ட் வழியாகப் போனால் புதிதாகப் போட்ட ஊசி ரோலர்களிலேயே தீப்புள்ளி விழும்.